இறக்குவதை நினைத்து ஏற்றுங்கள்: வீட்டில் பரண் அமைக்க ஒரு வழிகாட்டி

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் சமையல் மேடைக்குக் கருப்பு கிரானைட்டா, வேறு நிறமா என்று வாரக்கணக்கில் யோசிப்பார்கள். பரணைப் பற்றிய யோசனை வருவது, கதவு, ஜன்னல்களுக்கு மேலே வரும் லிண்டல் என்ற உத்திரத்துக்குக் காங்கிரீட் போடும் நாள் நெருங்கி, மேஸ்திரி வந்து "எந்தெந்தச் சுவரில் லாஃப்ட் வேண்டும்?" என்று கேட்கும்போதுதான். "இருக்கட்டுமே, எல்லா அறையிலும் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த ஒரு வார்த்தையின் பலனை, அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ஸ்டூல் மேல் நுனிக்காலில் நின்றபடி அந்த வீட்டுப் பெண்கள் அனுபவிப்பார்கள்.

பொருளை மேலே ஏற்றுவது ஒரு நாள் வேலை. ஆள் வைத்துக்கூட ஏற்றிவிடலாம். இறக்குவதுதான் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கும் வேலை. அதற்கு யாரும் ஆள் வைப்பதில்லை. ஆகவே பரணின் நீளம், ஆழம், கதவு, விளக்கு எதைத் தீர்மானித்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பொருளை யார், எதன் மேல் நின்று, எந்தக் கையால் இறக்கப் போகிறார்?

முதலில் பட்டியல், பிறகுதான் டேப்

அளவெடுக்கும் முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, பரணில் வைக்க நினைக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். பெரும்பாலான தமிழ் வீடுகளில் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும்: கொலுப் பொம்மைகள், கொலுப்படி, கார்த்திகை அகல்கள், கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் குடிலும், பொங்கல் பானை, சீராக வந்த பித்தளைப் பாத்திரங்கள், விருந்தாளிகளுக்கான மெத்தை, தலையணை, பாய், ஊருக்குப் போகும் பெட்டிகள், பிள்ளைகளின் பழைய புத்தகங்கள், தொட்டில் கம்பி. இவற்றோடு டி.வி., மிக்ஸி, ஃபேன் வந்த காலி அட்டைப்பெட்டிகள். தமிழ்நாட்டுப் பரண்களின் நிரந்தரக் குடியிருப்பாளர்கள் இந்த அட்டைப்பெட்டிகள்தான்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும் என்று குறியுங்கள். மாதம் ஒருமுறை எடுக்கும் பொருள் பரணுக்குப் போகக் கூடாது; அதற்கு அலமாரியின் மேல் தட்டு போதும். ஆண்டுக்கு ஓரிரு முறை தேவைப்படுவதுதான் பரணுக்கு உரியது. "என்றைக்காவது தேவைப்படும்" என்று நீங்கள் எழுதியவற்றை இன்னொருமுறை பாருங்கள். அவற்றில் பாதிக்கு மேல் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியவை. அட்டைப்பெட்டிகளை வாரண்டி முடியும் வரை வைத்திருக்கலாம் என்பார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு டி.வி. பெட்டி மட்டும் அடுத்த வீடு மாறும்போது உண்மையிலேயே பயன்படும். மற்றவற்றைப் பிரித்துத் தட்டையாக்கிக் கடையில் போட்டுவிடலாம்.

மேலே போகவே கூடாதவை சில உண்டு. பெயின்ட், தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய், ஸ்பிரே டப்பாக்கள், பழைய இன்வெர்ட்டர் பேட்டரி, எரிவாயு சிலிண்டர் ஆகியவற்றுக்குப் பரணில் இடமே இல்லை. அறையின் சூடான காற்று கூரையடியில்தான் தேங்கும். மேல்தள வீடாக இருந்தால், சித்திரை வைகாசியில் மொட்டை மாடித் தளம் பகலில் குடித்த வெயிலை இரவு முழுவதும் உள்ளே இறக்கும். அந்தச் சூட்டில் குக்கர் கேஸ்கெட் விறைத்துப்போகும், மெழுகுவத்தி வளைந்துவிடும், ஆல்பத்தில் புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பட்டுப் புடவை, வீட்டுப் பத்திரம், மருந்து ஆகியவற்றுக்கும் பரண் ஆகாது.

உயரமும் ஆழமும்

நம் ஊர் வீடுகளில் லிண்டல் மட்டம் தரையிலிருந்து பெரும்பாலும் 7 அடி. தனி வீட்டில் கூரை 10 அடி என்றால் நடுவில் 3 அடி கிடைக்கும். அதில் பரண் தளத்தின் கனம் 3 அங்குலம் போக, 2 அடி 9 அங்குலம் மிஞ்சும். அடுக்குமாடிக் குடியிருப்பில் கூரை ஒன்பதரை அடியாக இருந்தால் 2 அடி 3 அங்குலம்தான். கூரையிலிருந்து பீம் இறங்கும் இடத்தில் இன்னும் முக்கால் அடி போகும். ஆகவே கூரைவரை அளந்தால் போதாது, பீமின் அடிவரை தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கட்டட விதிகளின்படியும் பரண் என்பது பொருள் வைக்க மட்டும்தான். அதன் உள் உயரம் 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஆள் படுக்கவோ பிள்ளைகள் படிக்கவோ மேல் அறை வேண்டும் என்றால் அது வேறு கணக்கு, வேறு அனுமதி.

ஆழம் 2 அடி இருந்தால் போதும். "மூன்றடி போட்டால் இன்னும் நிறைய வைக்கலாமே" என்று கேட்கத் தோன்றும். ஏணியில் நிற்கும்போது பரணின் விளிம்பு உங்கள் நெஞ்சுக்கு நேரே இருக்கும். அதற்கு மேல் உடம்பை உள்ளே சாய்க்க முடியாது. கை மட்டும்தான் போகும். சராசரி உயரமுள்ள ஒருவரின் கை, தோளிலிருந்து விரல் நுனிவரை இரண்டடியை ஒட்டியே இருக்கும். மூன்றாவது அடியில் வைத்த பொருளை எடுக்க முன்வரிசை முழுவதையும் இறக்க வேண்டும். அந்த மூன்றாவது அடி, பொருள்கள் போய்ச் சேர்ந்தால் திரும்பி வராத இடமாகிவிடும். அறையின் வெளிச்சத்தையும் காற்றையும் அது தின்பது தனி.

இதற்கு விதிவிலக்கு குளியலறைக்கு மேலே அமையும் பரண். குளியலறைக் கூரையை 7 அடியில் தாழ்த்தி, மேலே 4 அடி, 5 அடி ஆழத்துக்கு ஓர் அறையே கிடைத்துவிடும். பெரிய பெட்டிகளுக்கு இது நல்ல இடம். ஆனால் ஒரே பக்கம் வாய் வைத்தால் பின்பாதி வீண். படுக்கையறைப் பக்கம் ஒரு கதவு, நடைவழிப் பக்கம் ஒரு கதவு என இருபுறமும் திறக்கும்படி அமைத்தால் எந்த மூலையும் கைக்கு எட்டும். அடுக்குமாடியில் மேல்வீட்டுக் குளியலறையும் அதற்கு நேர் மேலேதான் இருக்கும்; கசிவு வந்தால் முதலில் நனைவது இந்தப் பரண்தான். தாள், துணி, அட்டைப்பெட்டி எதையும் அங்கே வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உடல் கொண்ட பெட்டிகள், வாளிகள், கூலர் போன்றவை இருக்கட்டும்.

இன்னோர் அளவை மறந்துவிடுகிறார்கள்: உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய சூட்கேஸ். 28 அங்குலப் பெட்டி என்று கடையில் சொல்வது, சக்கரத்தோடு சேர்த்து அளந்தால் 30 அங்குலத்தை நெருங்கும். 24 அங்குல ஆழப் பரணில் அது நேராக உள்ளே போகாது. சுவரோடு ஒட்டி நீளவாக்கில்தான் படுக்கும். அப்படியானால் பரணின் வாய், கதவுச் சட்டம் போக, 31 அங்குலமாவது திறக்க வேண்டும். தச்சர் அழகுக்காக ஒன்றேகால் அடிக்கு ஒரு கட்டை நிறுத்தியிருந்தால் பெட்டி வெளியேதான் நிற்கும்.

எடைக் கணக்கு

வீட்டு அறைகளின் தளத்தை வடிவமைக்கும்போது, அதன் மேல் வரும் ஆட்கள், சாமான்கள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை கணக்கு வைக்கிறது. சதுர அடிக்குச் சொன்னால் ஏறத்தாழ பதினெட்டரைக் கிலோ. பரண் தளம் அறைத் தளத்தைவிட மெல்லியது. ஆகவே இதைவிடக் கூடுதலாக அது தாங்கும் என்று எண்ணுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இப்போது புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாள் 500 கொண்ட ஒரு கட்டு இரண்டரைக் கிலோ, கனம் 5 செ.மீ. இந்தக் கணக்கில் ஒரு கன அடித் தாள் 22 கிலோவைத் தாண்டும். புத்தக அடுக்கில் இடைவெளி இருக்கும் என்பதால் 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் பழைய பாடநூல்களையும் வார இதழ்களையும் இரண்டடி உயரத்துக்கு அடுக்கினால் சதுர அடிக்கு 36 கிலோ. தளக் கணக்கைப்போல இரு மடங்கு! பித்தளை அண்டாவும் அப்படித்தான். இடத்தை மிச்சப்படுத்த அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் குண்டான், குண்டானுக்குள் சொம்பு என்று போட்டு நிரப்பிவிடுவோம். பார்ப்பதற்கு ஒரு பாத்திரம். தூக்கினால் நான்கு பாத்திரத்தின் எடை.

தளம் தாங்கினாலும் கை தாங்க வேண்டும். ஏணியில் நிற்கிறவருக்கு ஒரு கை பிடிமானத்துக்கு வேண்டும். மிஞ்சும் ஒரு கையால் தலைக்கு மேலிருந்து பதற்றமில்லாமல் இறக்கக்கூடிய எடை 7, 8 கிலோதான். ஒரு பெட்டியின் எடையை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டும் எதையும் இரண்டு பேர் இருக்கும்போது மட்டுமே இறக்க வேண்டும்: மேலே ஒருவர் விளிம்புவரை நகர்த்தித் தர, கீழே ஒருவர் வாங்கிக்கொள்ள. புத்தகங்களுக்கும் பித்தளைக்கும் என் பரிந்துரை கட்டிலடியும் மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையும்தான். "பரணில் ஏற்றினால் கண்ணில் படாது" என்பதைத் தவிர வேறு காரணம் இல்லாமல் கனமான பொருளை மேலே அனுப்பாதீர்கள்.

காங்கிரீட் பரண்: மேஸ்திரியிடம் கேட்க வேண்டியவை

புது வீடு என்றால் காங்கிரீட் பரணே நல்லது. ஒருமுறை போட்டால் கரையான், ஈரம் பற்றிய கவலை குறைவு. வெளிச்சுவரில் வெளிப்பக்கம் சன்ஷேடும் உள்பக்கம் பரணும் லிண்டலோடு சேர்த்து ஒரே நாளில் வார்ப்பது நம் ஊர் வழக்கம். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு சமன் செய்துகொள்ளும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் நேரில் நிற்க வேண்டும்: கம்பி கட்டி முடித்து காங்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய நேரம். ஒரே சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் பரணில், பாரம் ஏறும்போது இழுபடுவது தளத்தின் மேல்பகுதி. ஆகவே முக்கியக் கம்பிகள் மேலே இருக்க வேண்டும். அவை லிண்டலுக்குள் போய் நன்றாகக் கோத்திருக்க வேண்டும். எதிரெதிர் சுவர்கள் இரண்டின் மேலும் உட்காரும் பரணில், உதாரணமாக நடைவழிக்குக் குறுக்கே போடுவதில், இது தலைகீழ்: கம்பி அடியில் இருக்க வேண்டும். வேலை மும்முரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வலை கட்டிவிடுவது நடக்கக்கூடியதுதான். சரியாகக் கட்டியிருந்தாலும், காங்கிரீட் சட்டி தூக்கி வருகிறவர்கள் கம்பி மேல் கால் வைத்து நடந்தால் மேல்கம்பி நசுங்கிப் பலகையோடு படிந்துவிடும். வெளியே பார்க்க எந்தக் குறையும் தெரியாது. பூசி, வெள்ளையடித்து, பாரம் ஏற்றிய பிறகுதான் சுவரோரமாக மேல்பக்கத்தில் நீளமாக ஒரு விரிசல் தெரியும். கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் சேர் கம்பிகள் வைத்திருக்கிறார்களா, கம்பி பலகையில் ஒட்டாமல் அடியில் வைக்கும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கேட்டால் மேஸ்திரி கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல மேஸ்திரியாக இருந்தால் மகிழ்ச்சியோடு காட்டுவார். கம்பியின் அளவையும் இடைவெளியையும் உங்கள் பொறியாளர் வரைபடத்தில் எழுதித் தரட்டும்.

துருத்தி நிற்கும் பரணைப் பிடித்து வைப்பது அதன் பின்முனையின் மேல் எழும்பும் சுவரின் எடையும்தான். எனவே மேலே சுவர் எழும்பாமல், பரணுக்கு அடியில் நிறுத்திய முட்டுகளை எடுக்க விடாதீர்கள். இரண்டு வாரமாவது அவை நிற்கட்டும். பத்து நாளாவது தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். பரண் உள்ளே நிழலில் இருப்பதால் நனைப்பவர்கள் அதை மறந்துவிடுவார்கள்.

வார்க்கும்போதே சொல்லிச் செய்துகொள்ள வேண்டிய இரண்டு சிறு விஷயங்கள் உண்டு. முன் விளிம்பில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்பு. கதவு வைக்காத பரணில் எதுவும் உருண்டு தலையில் விழாமல் காக்கும். அடுத்து, ஒரு விளக்குக்கான பைப். சுவரில் அதைப் பதிக்க அப்போது ஆகும் செலவு மிகக் குறைவு. பிறகு சுவரை வெட்டிச் செய்ய ஒருவரும் முன்வருவதில்லை.

கட்டிய வீட்டில் பிறகு வைப்பது

காங்கிரீட் பரண் இல்லாத வீட்டில், அலமாரிக்கு மேலே மரப்பரண் வைப்பதே பாதுகாப்பு. பாரம் அலமாரியின் பக்கப் பலகைகள் வழியாகத் தரைக்குப் போய்விடும். சுவரை நம்ப வேண்டியதில்லை. தனியாகச் சுவரில் தொங்கவிடுவதானால் இரும்பு ஆங்கிள் சட்டம் அடித்து அதன் மேல் பலகை போட வேண்டும். இங்கே சுவர் எதனால் ஆனது என்பதே முக்கியம். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடிக்கும். இப்போது பரவலாக வந்திருக்கும் ஏஏசி எனப்படும் லேசான வெள்ளைக் கற்களில் சாதாரண போல்ட் பிடிக்காது. இழுத்தால் கையோடு வந்துவிடும். அதற்குத் தனி வகை ஆங்கர் வேண்டும், அல்லது சட்டத்துக்குத் தரைவரை கால் வைத்துவிட வேண்டும். மைவான் முறையில், அதாவது அலுமினிய அச்சுகளுக்குள் காங்கிரீட்டை வார்த்துக் கட்டிய புதிய குடியிருப்புகளில் சுவரே காங்கிரீட். கட்டடத்தைத் தாங்குவதும் அதுதான். ஆகவே துளையிடும் முன் குடியிருப்போர் சங்கத்திடம் அனுமதி கேளுங்கள்.

பலகையில் கஞ்சத்தனம் வேண்டாம். சமையலறை, குளியலறை ஓரங்களுக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். மற்ற அறைகளுக்கு ஐ.எஸ். 303 வகையில் ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். பலகை போதும். தளத்துக்கு 18 அல்லது 19 மி.மீ. கனம். அடியில் இரண்டடிக்கு ஒரு தாங்கல் இல்லாவிட்டால் நாளடைவில் பலகை நடுவில் தொய்யும். துகள் பலகையால் செய்த தளம் விலை குறைவு. ஒருமுறை தண்ணீர் பட்டால் உப்பிப் பொரிந்துவிடும்.

கதவும் மின்விசிறியும்

பரண் திட்டத்தில் வரைபடத்தைவிட மின்விசிறியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 10 அடிக்கு 10 அடி அறை. நடுவில் 48 அங்குல விசிறி. அதன் இறக்கை நுனி மையத்திலிருந்து 2 அடி தூரம் சுழலும். சுவரிலிருந்து பார்த்தால் 3 அடி தள்ளி. பரண் 2 அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, பரண் விளிம்புக்கும் சுழலும் இறக்கைக்கும் நடுவே ஓர் அடிதான். உயரமும் அதேதான்: 10 அடிக் கூரையிலிருந்து தொங்கும் விசிறி, தரையிலிருந்து எட்டரை, ஒன்பது அடியில் சுற்றும், பரணின் வாய் ஏழேகால் அடியில் தொடங்கிக் கூரைவரை போகிறது. ஒன்றரை அடி அகலக் கீல் கதவை அங்கே திறந்தால் நேரே இறக்கையில்தான் போய் மோதும்.

இத்தகைய அறையில் விசிறிக்கு நேர் எதிரே வரும் பகுதிக்குத் தள்ளு கதவு வையுங்கள். அலுமினியச் சட்டத் தள்ளு கதவுகளை ஃபேப்ரிகேஷன் கடைகளில் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். அதன் குறை, ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும் என்பது. மெத்தை வைக்கும் பரணுக்கு அது இடைஞ்சல். மூலைகளில் கீல் கதவும் நடுவில் தள்ளு கதவும் என்று கலந்தும் செய்யலாம். 12 அடி அகல அறையில் இடைவெளி 2 அடியாகிவிடுவதால் ஒன்றரை அடிக் கீல் கதவு தாராளமாகத் திறக்கும்.

கதவே வேண்டாம் என்றால் தடித்த துணித் திரை போதும். தூசியைப் பெருமளவு தடுக்கும், காற்றும் போகும். சமையலறையில் மட்டும் திரை ஆகாது. தாளிக்கும் எண்ணெய்ப் புகை அதில் படிந்து பிசுபிசுக்கும்.

ஏணியில் ஏறுகிறவருக்கும் இதே கணக்குத்தான். பரணுக்கு முன்னால் நிற்பவரின் தலை, சுழலும் இறக்கையின் பாதையிலேயே இருக்கிறது. "ஒரு நிமிட வேலைதானே" என்று விசிறியை நிறுத்தாமல் ஏறவே கூடாது. நிறுத்தினால் மட்டும் போதாது, சுவிட்ச் அருகே யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி வீட்டில் சொல்லிவிட்டும் ஏறுங்கள்.

ஈரம், பூச்சி, வெளிச்சம்

வடகிழக்குப் பருவமழையில் வெளிச்சுவர் ஊறும். அந்தச் சுவரில் உள்ள பரணில் பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஓர் அங்குலம் விடுங்கள். தளத்தின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் அடியில் ஈரம் தேங்கும். அதற்குப் பதில் வெள்ளைச் சுண்ணாம்போ பெயின்டோ அடித்துவிட்டால் பூச்சி நடமாட்டம் பளிச்சென்று தெரியும். கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் மிகவும் பிடித்தது அட்டைப்பெட்டிதான். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறினாலே பாதித் தொல்லை ஒழியும். துணிகளுக்கு வசம்பு, காய்ந்த வேப்பிலை வைக்கலாம். பாச்சை உருண்டை வலுவானதுதான். ஆனால் கைக்குழந்தைகளின் துணி, தொட்டில் சேலை ஆகியவற்றோடு அதைப் போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடையே இரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடலாம்.

விளக்குக்கு வயர் இழுக்க முடியாவிட்டால் பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. விளக்கை உள்பக்கம் ஒட்டிக்கொள்ளலாம். வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஏணியில் நிற்பதைவிட அது நல்லது.

நாட்காட்டிப்படி அடுக்குங்கள்

அளவு பார்த்து அடுக்குகிறவர்கள் பெரியதை உள்ளே தள்ளி, சிறியதை முன்னே வைப்பார்கள். நாள் பார்த்து அடுக்கினால் இறக்கும் வேலை பாதியாகும். நம் ஆண்டை இரண்டாகப் பிரிக்கலாம். புரட்டாசிக் கொலுவில் தொடங்கி தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று தை வரை பண்டிகைச் சாமான்கள் வரிசையாக இறங்கும். பள்ளி விடுமுறை விடும் ஏப்ரல், மே மாதங்களில் சூட்கேஸ்களும் விருந்தாளி மெத்தைகளும் இறங்கும். இரண்டையும் ஒரே பரணில் கலக்காமல் பண்டிகைக்கு ஒரு பரண், பயணத்துக்கு ஒரு பரண் என்று ஒதுக்கிவிடுங்கள். ஒரே பரண்தான் உண்டென்றால் இடப்பாதி, வலப்பாதி என்று பிரியுங்கள். முன், பின் என்று பிரிக்காதீர்கள்.

கொலுப் பொம்மைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பண்ருட்டியிலிருந்தோ மதுரை விளாச்சேரியிலிருந்தோ வாங்கி வந்த மண் பொம்மையும் காகிதக்கூழ் பொம்மையும் ஒன்றாக இருந்தாலும் எதிரிகள் வேறு. மண்ணுக்கு இடி ஆகாது. காகிதக்கூழுக்கு ஈரமும் எலியும் ஆகாது. இரண்டையும் பிளாஸ்டிக் பையில் நேரடியாகச் சுற்றினால் வியர்த்து, வண்ணம் பையில் ஒட்டிக்கொண்டு வரும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுற்றுவதே இன்றும் சிறந்த வழி. மூக்கு, விரல், புல்லாங்குழல் என்று நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளுக்கு முதலில் ஒரு துண்டுத் துணி. பிறகு முழு உடலுக்கும் ஒரு சுற்று. பெட்டியில் நிற்க வைத்து, இடைவெளியில் கசக்கிய தாளைத் திணியுங்கள். தசாவதாரம், திருமண ஊர்வலம் போன்ற செட்டுகளைப் பிரிக்காமல் ஒரே பெட்டியில் வைத்து, எத்தனை பொம்மை என்று மேலே எழுதுங்கள். முதல் படிக்குப் போகும் பொம்மைகளின் பெட்டி முதலில் கைக்கு எட்டட்டும்.

பெட்டிகளில் பெயரை மூடியின் மேல் எழுதுவதில் பயனில்லை. கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்குத் தெரிவது முன்பக்கம்தான். தடித்த எழுத்தில் முன்பக்கம் எழுதி, கதவை மூடும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். "அந்த இட்லிக் கொப்பரை எங்கே?" என்று கேட்டால் ஏறாமலே பதில் சொல்லலாம். போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பரணை முழுவதும் இறக்கித் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்; இரண்டு போகி தாண்டியும் கட்டு அவிழாத பொருள் திரும்ப மேலே போகக் கூடாது.

ஏணி

பரண் தளம் ஏழேகால் அடியில் இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கண்கள் எட்டடி உயரத்துக்காவது வர வேண்டும். 5 அடி 2 அங்குலம் உயரமுள்ளவரின் கண் 4 அடி 10 அங்குலத்தில் இருக்கும். ஆக, கால் நிற்கும் படி 3 அடிக்குச் சற்று மேலே வேண்டும். வீட்டு அலுமினிய ஏணிகளில் அது பெரும்பாலும் நான்காவது படி. ஐந்து படியும் மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கொண்ட ஏணியாக வாங்குங்கள். மூன்று படி ஏணி மலிவென்று வாங்கினால் கடைசியில் அதன் உச்சியில்தான் நிற்க வேண்டி வரும். பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் ஸ்டூல் என்ற நம் வீட்டுச் சர்க்கஸ் வேண்டாம். நால் காலிலும் ரப்பர் தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் அது தேய்ந்தால் ஏணி சறுக்கும். ஏணி விரிந்து நிற்க பரணுக்கு நேர் கீழே மூன்றடித் தரை காலியாக வேண்டும் என்பதால், கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் மேலே பரண் வைப்பதைத் தவிர்க்கலாம். தூங்குகிறவர் தலைக்கு மேல் பாரம் ஏற்றாமல் இருக்க அதுவே போதுமான காரணமும்கூட.

வாடகை வீட்டில்

குடிபுகும் அன்றே, சாமான் ஏற்றும் முன், பரணை வெளிச்சத்தில் பாருங்கள். சுவரும் தளமும் சேரும் இடத்தில் மேல்பக்கம் விரிசல், அடிப்பக்கம் காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி, முன் விளிம்பு நடுவில் தாழ்ந்திருப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டு, தலையணையைத் தவிர வேறு எதையும் அங்கே ஏற்றாதீர்கள். பரண் இல்லாத வீடென்றால் ஆணியடிக்க அனுமதி கேட்டு அலைவதைவிட, ஓட்டை போட்ட ஆங்கிள்களால் ஆன ஏழடி இரும்பு ரேக் ஒன்றை வாங்குங்கள். பாரம் முழுவதும் தரையில் இறங்கும், உயரத்தை விரும்பியபடி மாற்றலாம், வீடு மாறும்போது போல்ட்டுகளைக் கழற்றிக் கூடவே எடுத்துப் போகலாம். கனமான பெட்டிகள் கீழ்த்தட்டிலும் மெத்தைகள் மேல்தட்டிலும் இருக்கட்டும். குழந்தைகள் பிடித்து ஏறினால் சாயாதபடி மேல்முனையை ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டிவிடுங்கள்.